கோடியில் ஒரு பங்கு நொடி

சிறு துளி பெரு வெள்ளம் என்று சொல்லிச் சொல்லித்தான் நம் தலைமுறையை வளர்த்தார்கள். விளக்கை அணை, குழாயை இறுக்கி மூடு, காகிதத்தின் பின்பக்கத்திலும் எழுது. அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் எந்தத் துளி வெள்ளமாகும், எந்தத் துளி தரையில் விழுந்து காய்ந்து போகும் என்று பார்க்கவும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொல்ல நான் இருந்த துறையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். கணினி விஷயம் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். நம்மில் பலருடைய சட்டைப்பையில் இருக்கும் சமாச்சாரம்தான்.

லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கி வைத்தது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, லினக்ஸின் கெர்னலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். கெர்னல் என்பது கணினியின் அடித்தளத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் நிரல். இன்று அது மூன்று கோடி வரிகளுக்கும் மேல் வளர்ந்துவிட்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்ல. திரை, விசைப்பலகை, வட்டு, வைஃபை என்று ஒவ்வொரு கருவியோடும் அதன் பாஷையில் பேசுவதற்கென்று தனித்தனியாக எழுதப்பட்ட சிறு நிரல். இந்த டிரைவர்களும் கெர்னலின் மற்றப் பகுதிகளும் வேலை செய்வதோடு நில்லாமல், கேட்டால் கணக்கும் சொல்லும். லினக்ஸில் 'புராக்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே தெரியும் கோப்புகள் வட்டில் எங்கும் கிடையாது. நாம் திறந்து படிக்கும் அந்த நேரத்தில்தான் கெர்னல் அதை எழுதித் தரும். நினைவகத்தில் எவ்வளவு மிச்சம், எந்தக் கருவி எத்தனை முறை கூப்பிட்டது என்றெல்லாம் வரி வரியாக வரும். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்ததும் குமாஸ்தா பேரேட்டைப் பார்த்து நகல் எழுதித் தருவாரே, அது போல.

இந்த எழுத்து வேலைக்குக் கெர்னலில் முக்கியமாக மூன்று வழிகள். முதலாவது, 'சீக்-பிரிண்ட்எஃப்'. இது படிவம் நிரப்புவது மாதிரி. கொடுத்த வாசகத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகும். சதவீதக் குறி (%) வந்தால், அங்கே ஓர் எண்ணையோ பெயரையோ நிரப்ப வேண்டும் என்று பொருள். இரண்டாவது, 'சீக்-புட்ஸ்'. நிரப்ப எதுவும் இல்லாத வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடும். மூன்றாவது, 'சீக்-புட்சி'. ஒரே ஓர் எழுத்தை மட்டும் வைக்கும்.

நிரப்ப வேண்டிய இடமே இல்லாத வாசகத்துக்கு முதல் வழியைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? கோடிட்ட இடம் எதுவும் இல்லாத படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே கோடிட்ட இடம் என்று கடைசி வரை தேடுவது போல. வேலை சரியாகத்தான் முடியும். கொஞ்சம் நேரம் வீண். பயனர் நிரல்களில் இந்த மாதிரி வீணைக் கம்பைலரே பல நேரம் தானாகத் திருத்திவிடும். ஆனால் சீக்-பிரிண்ட்எஃப் கெர்னல்காரர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்டது. கம்பைலருக்கு அதன் உள்விவகாரம் தெரியாது. எனவே மனிதர்கள்தான் தேடித் திருத்த வேண்டும். 'செக்பேட்ச்' என்ற சோதனைக் கருவியும் இப்படிப்பட்ட வரியைப் பார்த்தால், இரண்டாவது வழியைப் பயன்படுத்தலாமே என்று எச்சரிக்கும்.

என் தங்கை பேரன் கோவையில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். போன விடுமுறைக்கு வந்தபோது இப்படிப்பட்ட வரிகளைத் தேடிப் பிடித்து நாற்பது திருத்தம் தயார் செய்து வைத்திருந்தான். "தாத்தா, அனுப்பட்டுமா? லினக்ஸில் என் பேர் வரும், வேகமும் கூடும்" என்றான். பெயர் வருவது நல்ல விஷயம்தான். வேகம் கூடுமா என்று மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன்.

ஒரு திருத்தத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு மிச்சமாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு முழு நொடி மிச்சமாக அந்த வரி ஒரு கோடி முறை ஓட வேண்டும். அந்த டிரைவரின் கணக்கை ஒருவர் தினம் பத்து முறை திறந்து பார்க்கிறார் என்றால், ஒரு கோடியை எட்டப் பத்து லட்சம் நாள். வருடக் கணக்கில் சுமார் 2,740. திருவள்ளுவர் காலத்திலேயே ஆரம்பித்திருந்தாலும் அந்தக் கணினியில் இன்னும் ஒரு நொடி சேர்ந்திருக்காது.

"ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கான கணினி இருக்கே தாத்தா" என்றான். கேள்வி நியாயமானது. ஆனால் ஏதோ ஒரு பழைய அட்டையின் டிரைவர் சொல்லும் கணக்கை, அந்த அட்டை வைத்திருக்கும் சிலர், அதுவும் கோளாறு வந்தபோதுதான் திறந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கோடியில் ஒரு பங்கு நொடி பெரிதாகத் தெரியாது.

வரவு இவ்வளவு. செலவுப் பக்கம் என்ன? லினக்ஸில் எந்தத் திருத்தத்தையும் யாரும் நேரே போய் எழுதிவிட முடியாது. மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். சேர்ந்தவை மட்டும் இத்தனை. நிராகரிக்கப்பட்டவையும் திருப்பி அனுப்பப்பட்டவையும் இதில் சேராது. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கண் விழித்துப் படித்திருக்கிறார். ஒரு சிறு திருத்தத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் 300 நொடி. மேலே போட்ட கணக்கில் இந்த 300 நொடியைத் திரும்ப எடுக்க எத்தனை யுகம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரிதானே, படிக்காமலே ஏற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. சீக்-பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் இருப்பதால், திரையில் நிஜமாகவே ஒரு சதவீதக் குறி வர வேண்டுமானால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். அந்த வாசகத்தை அப்படியே சீக்-புட்ஸுக்கு மாற்றிவிட்டால், 90% என்று வர வேண்டிய இடத்தில் 90%% என்று வந்துவிடும். மனிதன் படித்தால் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் இந்தக் கோப்புகளை மனிதர்களைவிட மற்ற நிரல்கள்தான் அதிகம் படிக்கின்றன. அவை எதிர்பார்த்தபடி எழுத்து வராவிட்டால் தடுமாறும். வெளியே ஓடும் நிரல்களை உடைக்காதே என்பது டோர்வால்ட்ஸ் பல வருடமாகக் கறாராகப் பிடித்துவரும் சட்டம். எனவே எவ்வளவு சிறிய திருத்தமானாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் எழுத்தை வேகமாக வெளியிடுவதே வீண் வேலையா? இல்லை. நான் சொல்ல வந்ததே அதுதான். துளி விழும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

'டாப்' என்று ஒரு நிரல் உண்டு. கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். வழக்கமாக மூன்று நொடிக்கு ஒரு முறை, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் உரிய புராக் கோப்பைத் திறந்து படிக்கும். பெரிய சர்வரில் ஆயிரக்கணக்கான நிரல்கள் ஓடும். ஒவ்வொன்றின் கணக்கிலும் வரிசையாகப் பல எண்கள். இங்கே ஒரே வேலை இரவும் பகலும் நடக்கிறது. அதனால்தான் 2012-இல், படிவம் நிரப்பும் சுற்று வழியை விட்டு, எண்ணை நேரே எழுதும் தனி வழி ஒன்றை இந்தக் கோப்புகளுக்காகச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் முன்னும் பின்னும் நேரத்தை அளந்து காட்டித்தான் சேர்த்தார்கள். அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதே வருடம் இன்னொரு திருத்தமும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கெர்னல் இந்தக் கணக்கை எழுத முதலில் ஓர் அளவான பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும். எழுதிக்கொண்டே போகும்போது பாத்திரம் நிரம்பிவிட்டால், அதுவரை எழுதியதைக் கொட்டிவிட்டு, இரண்டு மடங்கு பெரிய பாத்திரத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடி எழுதும். கணினியின் மொத்த நிலவரத்தைச் சொல்லும் 'ஸ்டாட்' கோப்புக்கு முதல் பாத்திரம் 4,096 எழுத்து அளவு. 16 சிபியு உள்ள சாதாரணக் கணினியிலேயே அறிக்கை அதைத் தாண்டிவிட்டது. ஆக, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கவனித்து, ஆரம்பத்திலேயே சரியான அளவுப் பாத்திரத்தை எடுக்கச் செய்தார். எழுத்தை எப்படி வேகமாக எழுதுவது என்று நூறு பேர் யோசித்திருக்கலாம். எழுதியதையே ஏன் மறுபடி எழுதுகிறோம் என்று கேட்டதில்தான் லாபம் இருந்தது. உலை வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். 1980-களின் கடைசியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பெரிய கணினியும் அதோடு கம்பியில் இணைத்த பச்சை எழுத்துத் திரைகளும் இருந்தன. கம்பியின் வேகம் நொடிக்கு 9,600 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 960 எழுத்துகள். திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. அதாவது 1,920 எழுத்து. ஒரு முழுத் திரை நிரம்பச் சரியாக இரண்டு நொடி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். தலைப்புக்கு மேலும் கீழும் அழகுக்காக ஒரு வரி முழுக்க நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வரியையும் எடுத்தோம். ஒரு திரைக்கு 160 எழுத்து, ஆறில் ஒரு பங்கு நொடி மிச்சம். நாளைக்கு 600 திரை என்றால் 100 நொடி. மனிதன் காத்திருக்கும் இடத்தில் மிச்சமான நொடி அது. ஊழியர்களே கவனித்து, இப்போது சுருக்காக வருகிறதே என்று கேட்டார்கள்.

தந்தி கொடுத்த காலமும் இப்படித்தான். வார்த்தைக்குக் காசு என்பதால் தேவையற்ற சொல்லை அடித்துவிட்டுக் கொடுப்போம். கல்யாண வாழ்த்துக்கு எண்ணை மட்டும் எழுதினால் போதும், முழு வாசகம் அந்தப் பக்கத்தில் அச்சாகும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. அது கற்றுக்கொடுத்த பாடம் மட்டும் நிற்கவில்லை. எழுதாமல் விடும் எழுத்துதான் எல்லாவற்றிலும் சிக்கனமானது.

இது இன்றைய டிரைவர்களுக்கும் அப்படியே பொருந்தும். சர்வர்களிலும் ரவுட்டர்களிலும் இன்றும் சீரியல் கம்பி வழியாகத்தான் கெர்னலின் செய்திகளைப் பலர் பார்க்கிறார்கள். இப்போது வழக்கமான வேகம் 1,15,200 பிட். 80 எழுத்துள்ள ஒரு வரி அதில் வெளியேற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு ஆகும். நாம் மேலே பேசிய கோடியில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் சுமார் 69,000 மடங்கு. அதாவது, "நான் வந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன்" என்று ஒரு டிரைவர் தேவையில்லாமல் அறிவிக்கும் ஒரே ஒரு வரியை நீக்குவது, என் தங்கை பேரன் செய்த மாதிரித் திருத்தம் 69,000 செய்வதற்குச் சமம். ஒழுங்காக வேலை செய்யும் டிரைவர் வாய் திறக்கக் கூடாது என்று கெர்னல்காரர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

இந்தச் செய்திகள் வெளியேறும் வரை கணினி காத்து நிற்பது விளையாட்டு விஷயமும் அல்ல. தொழிற்சாலை இயந்திரங்கள் போல, குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டிய வேலைகளுக்காக லினக்ஸைத் தயார் செய்யும் முயற்சி சுமார் இருபது வருடம் நடந்தது. அது 2024-இல் 6.12 பதிப்பில்தான் முழுமையாகச் சேர்ந்தது. கடைசி வரை வழியை அடைத்துக்கொண்டிருந்தது எது தெரியுமா? செய்தி அச்சிடும் பகுதிதான். எனவே எழுத்து வெளியீடு அற்பமானது என்று நான் சொல்லவே மாட்டேன்.

அதே 2024-இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெர்னல் முழுவதும் சீக்-புட்ஸ் பயன்படும் இடங்கள் மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் அதற்குக் கொடுக்கப்படுவது மாறாத வாசகம். மாறாத வாசகத்தின் நீளத்தை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பானேன்? கம்பைல் செய்யும்போதே ஒரு தடவை எண்ணி வைத்துவிடலாம். ஒரே எழுத்தாக இருந்தால் சீக்-புட்சிக்குத் தானாகவே திருப்பி விடலாம். இதை அந்த ஒரே இடத்தில், அதன் வரையறையிலேயே செய்துவிட்டார்கள். மூவாயிரம் இடங்களுக்கும் ஒரே நாளில் பலன் கிடைத்தது. படித்துப் பார்க்க வேண்டியதோ ஒரே ஒரு திருத்தம். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் குழாயாகப் போய் வடிகட்டி மாட்டுவதற்குப் பதில், மேல்நிலைத் தொட்டியில் ஒன்றை மாட்டிய மாதிரி.

கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பலர் பாதி மட்டும் சொல்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இடங்களில் சின்னச் சின்னச் சிக்கனத்தை மறந்துவிடுங்கள் என்றார் அவர். அந்த மீதி மூன்று இடங்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்தே சொன்னார். எந்த மூன்று என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும், ஊகத்தில் தெரியாது என்பதும் அவர் கட்சி. எனக்கும் அதுவே சம்மதம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சரியான வழியில் எழுதினால் படிப்பவருக்கு நோக்கம் தெளிவாகத் தெரியும். இங்கே நிரப்ப எதுவும் இல்லை என்று பார்த்ததும் புரியும். பாதுகாப்பும் உண்டு. வெளியாள் கொடுத்த பெயரைப் படிவமாகவே அச்சிடக் கொடுத்துவிட்டால், அதற்குள் ஒளிந்திருக்கும் சதவீதக் குறி விபரீதம் செய்யும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஓட்டை வழியாகப் பல சர்வர்களுக்குள் புகுந்தார்கள். எனவே புதிதாக எழுதும்போது சரியான வழியில்தான் எழுத வேண்டும். பழைய கோப்பை வேறு காரணத்துக்காகத் திறந்தால் அப்போது கூடவே திருத்தலாம். இன்னும் தரம் எட்டாத டிரைவர்களுக்கென்று 'ஸ்டேஜிங்' என்று ஒரு பகுதியைக் கெர்னலில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், புதியவர்கள் பலர் கை பழகுவதும் அங்கேதான். அங்கே செய்யலாம். யாரும் தொடாமல் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை எழுப்பி, வேகம் கூட்டுகிறேன் என்று சொல்லி, இன்னொருவர் நேரத்தை எடுப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

பையனிடமும் இதைத்தான் சொன்னேன். நாற்பதில் இரண்டை மட்டும் ஸ்டேஜிங் பகுதிக்கு அனுப்பினான். அனுப்பும்போது வேகம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, தெளிவுக்காக என்று எழுதச் சொன்னேன். எழுதினான். மீதியைத் தூக்கி வைத்துவிட்டு, இப்போது அளவெடுக்கும் கருவிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

எந்தச் சிக்கனத்துக்கும் நான் மூன்று கேள்வி கேட்பேன். இது எத்தனை முறை நடக்கிறது? இதைச் சரிபார்க்க யாருடைய நேரம் போகிறது? ஆயிரம் இடத்தில் செய்வதை ஒரே இடத்தில் செய்ய முடியுமா? அலுவலகத்தில் புதிது புதிதாகப் படிவமும் பதிவேடும் கொண்டுவந்து, சிக்கனம் என்று பெயர் வைத்து, அதை நிரப்பவே இரண்டு ஆளைப் போட்ட அதிகாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களும் இந்த மூன்றைக் கேட்டிருந்தால் எவ்வளவோ காகிதம் மிஞ்சியிருக்கும்.

உங்கள் பணிக்காலத்தில் நிஜமாகவே பலன் தந்த சின்னத் திருத்தம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எவ்வளவு மிச்சமானது என்ற கணக்கையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.